முகூர்த்த நேரத்தில் மூடிக்கொண்ட லென்ஸ்

பாகூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் எட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் சிந்தாமணி. மற்றவர்கள் எடுத்துவரும் கல்யாணப் படங்களுக்கு நிறம் சரிசெய்து ஆல்பம் அடுக்குவது அவள் வேலை. முதலாளி அருள்தாஸிடம் கேமராவும் கற்றுக்கொண்டு, காதுகுத்து, வளைகாப்பு என்று சிலதைத் தனியாக எடுத்திருந்தாள். கல்யாணம் என்றால் மட்டும் நழுவிவிடுவாள்.

அதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆல்பம் அடுக்கும்போது, தாலி கட்டும் படம் ஒன்றுகூட இல்லை என்று முதலில் கண்டவளே அவள்தான். யாரோ ஒரு மாமா குறுக்கே வந்து நின்றதில், எல்லாப் படத்திலும் அவர் முதுகுதான் இருந்தது. பெண்ணின் அம்மா ஸ்டுடியோவுக்கு வந்து, "இன்னொரு தடவ ஓட்டும்மா, எங்கனாச்சும் இருக்கும்" என்று மத்தியானம் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சிந்தாமணியும் இல்லாத படத்தைத் தேடித் தேடி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த ஐப்பசியில் அருள்தாஸ் டெங்கு காய்ச்சலில் படுத்துவிட்டார். வில்லியனூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் கனகராஜின் மகள் வினோதினிக்கு மூன்றே நாளில் கல்யாணம். ஊசி குத்திய கையோடு படுத்திருந்த அருள்தாஸ், "வேற ஆள் கெடைக்கலம்மா. நீதான் போவணும்" என்றார். அவளால் மறுக்க முடியவில்லை.

வீடியோ வேண்டாம், போட்டோ மட்டும் போதும் என்று கல்யாண வீட்டில் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆக, அவள் எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கல்யாணத்தன்று விடிவதற்கு முன்பே மண்டபத்தில் மணப்பெண் அறைக்குள் போய்விட்டாள். ஏசி குளிரில் பல் கிட்டியது. மேக்கப் கலையக் கூடாதென்று அதைக் கடைசி வரை இறக்கி வைத்திருந்தார்கள். வளையல் போடுவது, பூ வைப்பது, அத்தை கண் கலங்கியது, எல்லாம் படத்தில் நன்றாகவே விழுந்தன. கொஞ்சம் தைரியம்கூட வந்திருந்தது.

ஆறரைக்கு மேல் பெண்ணை அழைத்தார்கள். சிந்தாமணி முன்னால் ஓடி மண்டபத்துக்குள் வந்தாள். ராத்திரி பெய்த மழையில் காற்று ஈரத்துணி போலக் கனத்துக் கிடந்தது. கேமராவைக் கண்ணில் வைத்தாள். வெறும் வெள்ளை. பயத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதோ என்று புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதே வெள்ளை. திருப்பிப் பார்த்தால் லென்ஸின் முகம் முழுக்கப் பனி படிந்திருந்தது. துணியால் துடைத்தாள். மூன்று எண்ணுவதற்குள் மறுபடி மூடிக்கொண்டது. பையிலிருந்த இன்னொரு லென்ஸும் அதே அறையில் அதே குளிரில் கிடந்ததுதான்.

மாப்பிள்ளையும் பெண்ணும் மணையில் உட்கார்ந்துவிட்டார்கள். தூணோரம் ஒதுங்கி அருள்தாஸுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, லென்ஸெல்லாம் மூடிக்கிச்சுண்ணே. தொடச்சா தொடச்சா வருது."

"ஏசி ரூம்லேந்து அப்படியேவா வெளிய எடுத்தாந்த? ஐயோ, சொல்ல மறந்துட்டனே. லென்ஸ கழட்டிடாத, உள்ளயும் ஈரம் பூந்துடும். சூடு ஏறுனா தானாப் போவும்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"இருவது நிமிஷமாவது ஆவும்."

மேடையிலிருந்து ஐயர் கை தூக்கிவிட்டார். "கெட்டி மேளம், கெட்டி மேளம்!"

சிந்தாமணியின் காதில் மேளம் விழவில்லை, "இன்னொரு தடவ ஓட்டும்மா" என்ற குரல்தான் விழுந்தது. காதிலிருந்து போனை எடுத்தபோதுதான் அது உறைத்தது. விடிகாலையிலிருந்து இடுப்போரம் சுடிதார் பையில், உடம்புச் சூட்டிலேயே கிடந்த போன் அது. அதன் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. போனைக் கட் பண்ணிவிட்டு மேடைக்கு ஓடினாள். எழுந்து நின்று அட்சதை போட்டவர்களை முழங்கையால் விலக்கினாள். யாரோ, "இன்னாம்மா நீ, போட்டோக்காரியா இன்னா, போன வெச்சினு?" என்று கத்தினார்கள். மாப்பிள்ளையின் விரல்கள் முதல் முடிச்சில் இருந்தன. ஆடாமலிருக்கப் போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இருந்தாள்.

ஏழு படம். அதில் ஐந்து ஆடியிருந்தது. இரண்டில் எல்லாம் தெளிவு.

அரை மணி கழித்துக் கேமரா தானாகத் தெளிந்தது. மற்ற சடங்குகளை அதிலேயே எடுத்தாள். சாப்பாட்டுப் பந்தியில் பாதியிலேயே இலையை மூடினாள். மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு நேரே கனகராஜிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

"போன்ல எடுக்கறதுக்கா ஒன்ன கூப்டோம்?" என்று அவர் எல்லார் எதிரிலும் சத்தம் போட்டார். அவள் போனில் படத்தைத் திறந்து நீட்டினாள். வினோதினிதான் அதை அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"அப்பா, கம்முனு இரு. இதுல நீ அழுவுற, பாரு."

கனகராஜ் குனிந்து பார்த்தார். அப்புறம் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். பெரிதாக்கினால் படம் புள்ளி புள்ளியாக உடையும் என்று சிந்தாமணி சொன்னதால், ஆல்பத்தில் அந்தப் படத்தைப் பாதிப் பக்கத்துக்கு மட்டும் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு கல்யாணம் எடுத்துவிட்டாள். பயம் போகவில்லை. குளிர் அறையை விட்டுக் கிளம்பும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, வெளியே அரை மணி அப்படியே வைத்த பிறகுதான் பிரிக்கிறாள். போன மாசம் மண்ணாடிப்பட்டில், முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ஏசியை நிறுத்தச் சொன்னாள். பெண்ணின் சித்தி சண்டைக்கு வந்தாள்.

"பொண்ணுக்கு வேர்க்கும்மா!"

"வேர்க்கட்டும்கா. தொடச்சிக்கலாம்" என்று சொல்லி, ரிமோட்டை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள் சிந்தாமணி.