வளைவில் அடிக்காத ஹோர்ன்

காலை ஒன்பது நாற்பதுக்குத்தான் எல்லாம் பிசகத் தொடங்கியது. அப்போது எதுவும் நடந்துவிடவில்லை. தங்காலையில் கடலோரமாக நின்ற போலீஸ்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான்.

கல்யாணமான பிறகு நானும் கணவரும் தனியாகப் போன முதல் பயணம் அது. கொடகவெலவுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்திலிருந்து விடியற்காலையில் காரில் மாத்தறைக்குப் புறப்பட்டோம். அவர் தோட்ட ஒபிசில் கிளாக்கர். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள், "ஒருநாளாச்சும் என்னைய விட்டுட்டுப் போய்ட்டு வாங்களேன்" என்று ஏறக்குறைய எங்களைத் துரத்திவிட்டாள். எம்பிலிப்பிட்டிய போவதற்குள் நான் வீட்டு லேண்ட்லைனுக்குப் பல தடவை கோல் எடுத்து, கதவைப் பூட்டினாயா என்று கேட்டிருந்தேன்.

போலீஸ்காரர் சிரித்ததற்குக் காரணம் என் கணவரின் ஹோர்ன். எங்கள் மலைப்பாதையில் எதிரே தேயிலைக் கொழுந்து லொறி வந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடிப்போம். அந்தப் பக்கமிருந்து பதில் வந்தால் ஒதுங்கி நிற்போம். வராவிட்டால் பாதை காலி என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தை அவர் கடற்கரைக்கும் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் கடல், எதிரே வெட்டவெளி. பாதை லேசாக நெளிந்தாலும் இரண்டு ஹோர்ன். கடலையே ஒதுங்கி நிற்கச் சொல்வதுபோல் இருந்தது. காரை நிறுத்திய போலீஸ்காரர், மஹத்தயா யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நல்ல மனிதர், தண்டம் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் கணவர் வீம்புக்காவது இன்னும் பலமாக அடித்திருப்பார். சிரித்ததால் வெட்கம் வந்துவிட்டது.

"இனிமே டீசென்டா ஓட்டுறேன் பாரு" என்றார். கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டார். மாத்தறை வரை ஒரு சத்தமில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மகளுக்கு எடுத்த கோல்களுக்கு நடுவே கடலையும் கொஞ்சம் பார்த்தேன்.

திரும்பி வரும்போது கொடகவெல பஸாரிலிருந்து அவளுக்குச் சொன்னேன், ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்போம் என்று. அதற்கு மேலே சிக்னல் கிடையாது. தோட்டப் பாதையில் ஏறிய பிறகும் அவர் கண்ணாடியை இறக்கவில்லை, ஹோர்னைத் தொடவில்லை. ஒரே நாளில் அவ்வளவு நாகரிகம் ஏறியிருந்தது. வீட்டுக்குக் கீழே உள்ள கடைசி வளைவில் கொழுந்து லொறி இறங்கி வந்தது. அதன் டிரைவர் ஹோர்ன் அடித்திருக்கிறார். ஏசிக்குள் எங்களுக்குக் கேட்கவில்லை. பதில் வராததால் அவர் முறைப்படி வந்தார்.

முன் கண்ணாடி முழுக்க லொறியின் முகம். என் கணவர் மலைப்பக்கம் ஒடித்தார். கார் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் சரிந்து நின்றது. மறுபக்கம் ஒடித்திருந்தால் பள்ளம். இருவருக்கும் காயமில்லை.

லொறி டிரைவர் எங்களைவிடப் பயந்திருந்தார். கொழுந்தை இறக்கிவிட்டு ட்ராக்டர் அனுப்புவதாகச் சொல்லிப் போனார். எனக்குக் காரைப் பற்றிய நினைவே இல்லை. பிள்ளை தனியாக இருக்கிறாள், இருட்டுகிறது, சொன்ன நேரம் தாண்டிவிட்டது. நடந்தே போகலாம் என்று எழுந்தேன், ட்ராக்டர் வரட்டும் என்று கணவர் பாதையோரத்தில் உட்கார வைத்தார். அப்போதுதான் என் கணவருக்கு ஞானம் வந்து ஹோர்னை அமுக்கினார். அது வேலை செய்யவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து டோர்ச் வெளிச்சம் இறங்கி வந்தது. மகளும், துணைக்குப் பக்கத்து வீட்டு அக்காவும். மகள் காரைப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவர் மீதும் தலை முதல் கால் வரை வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"அப்பாட ஹோர்ன் கேட்டாத்தான் நான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பேன்" என்றாள். "இன்னைக்குக் கேக்கவே இல்ல. அதான் தேடிக்கிட்டு வந்தோம்."

பிறகு என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டபடி, "கதவப் பூட்டிட்டுத்தான் வந்தேம்மா" என்றாள்.