அவர் பெயரில் வந்த பேச்சு

ஏலக்காய் உலர்த்தும் அறையில் சூடு மீறினால் போனுக்குத் தகவல் அனுப்பும் ஒரு சின்னக் கருவி. அதற்கான மென்பொருளைப் போடியில் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதினோம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் அதைப் பற்றிப் பேச வாட்ஸப்பில் ஒன்று, டெலிகிராமில் ஒன்று, மலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று என்று குழுக்கள் பெருகிக் கிடந்தன. ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில் பதில் சொல்லி எனக்கு எரிச்சல் மண்டியது.

இதைத் தொடங்கிய நண்பர் ஒரு குறுக்கு வழி செய்திருந்தார். நாங்கள் எழுதுவதை அவருடைய கணக்கு தானாகவே மலைக்குழுவில் போட்டுவிடும். அங்கே எழுதுவதை இங்கே கொண்டுவரும். எல்லாம் அவர் பெயரிலேயே வரும். போன வருடம் அவர் மாரடைப்பில் இறந்தார். எரித்துவிட்டு வீடு திரும்பிய மாலையில், "சாப்ட்டீங்களாண்ணே?" என்று அவர் பெயர் கேட்டது. மலையிலிருந்து யாரோ கேட்டது என்று தெரிந்தும் போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு பழகிவிட்டது. பதில்கூடச் சொன்னேன்.

எல்லாவற்றையும் ஒரே குழுவாக்க முடிவு செய்தோம். மூடுவதற்காக முதன்முறையாக மலைக்குழுவுக்குள் போனேன். போடிமெட்டைத் தாண்டி ஒரு ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், வேலை பார்க்கும் பெண்தான் அங்கே அதிகம் எழுதியிருந்தாள். மகளுக்குக் காய்ச்சல் என்பதைக்கூட நண்பரிடம் சொல்வதாக நினைத்துச் சொல்லியிருந்தாள். எங்களுக்கு அவள் யாரோ. அவளுக்கு அவர் அண்ணன்.

மரணச் செய்தியைத் தேடினேன். இல்லவே இல்லை. ஊர் வழக்கப்படி அவர் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத்தான் நாங்கள் போட்டிருந்தோம். வார்த்தையில் ஒருவரும் எழுதவில்லை. படங்களை அந்தக் குறுக்கு வழி கொண்டுபோகாது. போஸ்டருக்குக் கீழே நாங்கள் வைத்த கும்பிடு எமோஜிகள் மட்டும் வரிசையாக அவர் பெயரில் போய்ச் சேர்ந்திருந்தன. அவளும் பதிலுக்குக் கும்பிட்டிருந்தாள்.

கடைசியாக, "எப்பண்ணே மேல வருவீங்க?" என்று கேட்டிருந்தாள். "ஞாயித்துக்கெழம வர்றேன்" என்ற பதில், யாரோ கருவியைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நான் எழுதியது.

இதைப் போனில் தட்டிச் சொல்ல மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் ஏறினேன். ஸ்டோர் வாசலில், மூடுபனிக்குள் அவள் காத்து நின்றாள். அவர் பெயரைச் சொல்லி, "வாங்கண்ணே" என்றாள். "எழுத்துல பேசுற மாதிரியேதான் இருக்கீங்க."

"நான் அவரில்லம்மா. அவரு போன வருசமே தவறிட்டாரு."

"அப்ப தெனமும் எங்கிட்டப் பேசுனது?"

"நாங்கதான். பாதி நான்."

அவள் போனைத் திறந்து, பழைய செய்திகளை மேலே மேலே தள்ளிக்கொண்டு போய் என்னிடம் நீட்டினாள். "அண்ணன் எழுதுனது எதுன்னு மட்டும் காட்டுங்க."

அவர் உயிரோடு இருந்தபோதும் எங்கள் எல்லோருடைய பேச்சும் அவர் பெயரில்தான் போயிருக்கிறது. தேடித் தேடிப் பார்த்தேன். இது அவர்தான் என்று ஒரு வரியைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.