மூக்கிக்குக் கரி போட்டவன்

லாரித் தொழிலில் முதலாளிக்குப் பேர் உண்டு, டிரைவருக்கு மீசை உண்டு, அடுப்பு மூட்டுகிறவனுக்கு இருமல் மட்டும்தான் உண்டு.

அந்த இருமலை வாங்கி வைத்திருப்பவன் நான். யுத்த காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் லாரிகளெல்லாம் மரக்கரியில் ஓடிய நாட்களில், மதுரையில் அண்ணன் தம்பி இருவர் நடத்திய ஒரு லாரி கம்பெனியில் எனக்கு ராத்திரி வேலை. சாம்பலை வார வேண்டும், கரியை உடைத்துச் சலிக்க வேண்டும், விடிவதற்குள் அடுப்பை மூட்டி வண்டியை டிரைவர் கையில் ஒப்படைக்க வேண்டும். ஊர் எழுந்து பல் விளக்கும்போது நான் பாயை விரிப்பேன். பகலில் தூங்கப் பார்த்து, கீரைக்காரியிடமும் ஈயம் பூசுகிறவரிடமும் தோற்றுப்போனவர்கள் இதைப் படிக்கிறவர்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ராத்திரி தூங்குகிறவர்களுக்கு நம் பாடு சொன்னாலும் புரியாது.

அசை போட்ட வண்டி

கரி லாரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். டிரைவர் உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஆள் உயர இரும்புப் பீப்பாய் ஒன்று நிற்கும். அதற்குள் கரி கனன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து வருகிற வாயு குழாய் வழியாக இஞ்சினுக்குப் போகும். கையால் சுற்றுகிற விசிறி ஒன்றும் உண்டு. அதை அரை மணி நேரம் சுற்றினால்தான் வண்டிக்கு உயிர் வரும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பீப்பாயோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை, பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தே இந்த வித்தையைக் கற்றுக்கொண்டேன்.

பீப்பாய் மாட்டிய புதிதில் பருத்திப் பொதி ஏற்றப் பேரையூருக்கு நானும் கூடப் போனேன். டிரைவர் காதர் ராவுத்தர், கோரிப்பாளையத்துக்காரர். எனக்கு அவர் அண்ணே, அவருக்கு நான் மாப்ள. பொதி ஏற்றி முடிப்பதற்குள் கனல் தணிந்துவிட்டது. நான் விசிறியைச் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், வெயில் உச்சிக்கு ஏறுகிறது, வண்டி அசையவில்லை. பருத்திக்குச் சொந்தக்கார சம்சாரி ஒருவர் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்:

"எங்க மாடு பருத்திக்கொட்டையத் தின்னா எந்திரிச்சு நடந்துரும்ணே. இது கரியத் தின்னுட்டு இன்னும் எம்புட்டு நேரம் அசை போடும்?"

எட்டு வீட்டு உலை

கம்பெனியில் மொத்தம் மூன்று லாரிகள் இருந்தன. பட்டாளத்துக்கு வேண்டுமென்று சர்க்கார் வண்டிகளை எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அதிகாரி வந்து பார்ப்பார். 'ஓடுகிற வண்டி' என்று எழுதிவிட்டால் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஐப்பசியில் ஒன்று போயிற்று. தையில் இன்னொன்று. மிஞ்சியது ஒன்றுதான். முன்பக்கம் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அதற்கு மூக்கி என்று பேர்.

வண்டி போனாலும் ஆளைப் போகச் சொல்லவில்லை பெரிய முதலாளி. வண்டியை இழந்த இரண்டு டிரைவர்களும் மூட்டை தூக்கினார்கள். அவர்களோடு காதர் அண்ணன், ஒரு பிட்டர், மூன்று சுமைகாரர்கள், நான் என்று எட்டுப் பேர் மூக்கி ஒருத்தியின் முதுகில் பிழைத்தோம். இரண்டாவது வண்டி போன மறுநாள் காலை, பெரிய முதலாளி குளித்துவிட்டு வந்து வழக்கம்போல மூக்கியின் நெற்றியில் குங்குமம் வைத்தார். வைத்த விரலைத் துடைக்காமல் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இனி இவ ஒருத்தி ஓடுனாத்தான்டா எட்டு வீட்டுல உலை கொதிக்கும், எங்க வீட்டையும் சேத்தா ஒம்பது."

பின்பக்கமாக ஏறியவள்

கரி வண்டிக்கு மேடு ஆகாது. திருமங்கலத்துக்கு அப்பால் ஒரு கண்மாய்க் கரை ஏற்றம். பாதி ஏறியதும் மூக்கிக்கு மூச்சு வாங்கும். மற்ற கம்பெனி டிரைவர்கள் அந்த இடத்தில் பாதிச் சுமையை இறக்கிவிட்டு, மேலே போய் மறுபடி ஏற்றுவார்கள். காதர் அண்ணனுக்கு அது கௌரவக் குறைச்சல். வண்டியைத் திருப்பி நிறுத்தி, ரிவர்ஸ் கியரில் பின்பக்கமாகவே முழுச் சுமையோடு ஏற்றிவிடுவார். ரிவர்ஸில் இழுப்பு அதிகம் என்பது அவர் தானாகவே கண்டுபிடித்தது. முன்னால் செருகிச் சுற்றி இஞ்சினைக் கிளப்புகிற மூக்கியின் ஹேண்டிலை வேறு யாரையும் தொட விடமாட்டார். காலையில் பானெட்டின் மேல் காதை வைத்து ஏதோ கேட்பார், பிறகு ஒரே சுற்று, இஞ்சின் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது சுற்று சுற்றி நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் அப்படி ஏற்றிக்கொண்டிருக்கும்போது கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் ஒன்று மூன்று மாட்டு வண்டிகளில் எதிரே வந்து நின்றுவிட்டது. லாரி பின்பக்கமாகவே மேடேறுவதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. முதல் வண்டியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"ஏப்பா ராவுத்தரே, நீ ஊருக்குப் போறியா, இல்ல ஊர்ல இருந்து ஓடி வாரியா?"

வாத்தியாரின் வேட்டி

பேரையூர்ப் பக்கம் மாற்றலாகிப் போன ஒரு வாத்தியார், பஸ் கிடைக்காமல் மூக்கியில் இடம் கேட்டார். வெளுத்த வேட்டி, வெளுத்த சட்டை, தோளில் அங்கவஸ்திரம். வழிக்கென்று வைத்திருந்த கரிச் சாக்குப் பக்கம் சாய வேண்டாம் என்று காதர் அண்ணன் மூன்று முறை சொன்னார். வாத்தியார்களுக்குச் சொல்லித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கம் இருக்காது. திருமங்கலம் தாண்டியதும் தூங்கி, கரிச் சாக்கின் மேலேயே சாய்ந்துவிட்டார். பேரையூரில் இறங்கித் தன்னைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார். கோபப்படவில்லை, பாவம். காதர் அண்ணனைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

"நாளைக்கு முத நாள் வகுப்பு, பையங்க என்னையக் கரும்பலகைன்னு நெனச்சு மேலயே எழுதிருவாங்க."

சின்ன முதலாளியின் யோசனை

சித்திரைக்கு முன்னால் மூக்கிக்கும் தாக்கீது வந்தது. வியாழக்கிழமை காலை அதிகாரி ஷெட்டுக்கே வந்து பார்ப்பார். எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடினோம். சின்ன முதலாளி சூட்டிகையான ஆள். புதன்கிழமை சாயங்காலம் என்னையும் காதர் அண்ணனையும் தனியாக அழைத்தார். யோசனை சுலபமானது. ஓடாத வண்டி என்று எழுதிவிட்டால் தப்பித்தோம். ஆகவே நான் கரியை நன்றாக நனைத்துப் போட வேண்டும். ஈரக் கரியில் புகைதான் வரும், வாயு வராது. காதர் அண்ணன் ஒன்றுமே செய்ய வேண்டாம்.

அந்த 'ஒன்றும் செய்யாதே'தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "நாலு பேரு முன்னால அவளைச் சீக்காளியா நிப்பாட்டச் சொல்றீங்களா?" என்று கேட்டார். "அண்ணே, எட்டுக் குடும்பம்ணே" என்றார் சின்ன முதலாளி. காதர் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மூக்கியையே பார்த்தார். பிறகு சொன்னார்:

"சரி, செவத்தோரமா வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறேன், அம்புட்டுத்தான் என்னால முடியும்."

கருவாட்டுக் கூடை

அதிகாரி வந்தார், நாற்காலி போட்டோம், மோர் கொடுத்தோம். கூட வந்த ஹவில்தார் மெக்கானிக். ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழ் ஆள். ஹேண்டிலை வாங்கிச் சுற்றினார். மூக்கி ஒரு இருமல் இருமி, வெள்ளைப் புகையை அவர் முகத்திலேயே விட்டாள். ஆறு முறை சுற்றினார், ஆறு முறையும் அதேதான். அதிகாரி நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்துவிட்டார். சின்ன முதலாளியின் முகத்தில் ரத்தம் திரும்பி வருவதை நான் பார்த்தேன். ஹவில்தார் மட்டும் அந்த நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இது லாரியே இல்லைங்க, கருவாட்டுக் கூடை. இத்தனை நாளா இதை வச்சிருந்தவன் லாரி ஓட்டினானா, எருமை மேய்ச்சானா?"

சுவரோரம் நின்ற காதர் அண்ணன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "அண்ணே, வேணாம்ணே" என்றார் சின்ன முதலாளி. அது அவர் காதில் விழவே இல்லை. சீட்டுக்கு அடியில் ஆபத்துக்கென்று வைத்திருந்த பெட்ரோல் புட்டியை எடுத்து இஞ்சினில் சரித்தார். பானெட்டில் காதை வைத்தார். ஹேண்டிலை ஒரு சுற்று. மூக்கி பிடித்துக்கொண்டாள். ஹவில்தாரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டி, வைகைப் பாலத்தைத் தாண்டி, கோரிப்பாளையம் போய்த் திரும்பி வந்தார். இறங்கிய ஹவில்தார் காதர் அண்ணனுக்கு ஒரு சல்யூட் வைத்தார். அதிகாரியிடம் போய் ஏதோ சொன்னார்; அவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். அப்புறம் ஹவில்தார் திரும்பி வந்து, எங்களுக்கு நல்லது செய்துவிட்ட சந்தோஷத்தோடு சொன்னார்:

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்கண்ணே, இவ்வளவு நல்ல வண்டின்னு நான் எடுத்துச் சொல்லிட்டேன், ஐயா எழுதிக்கிட்டாரு."

யாரை நோவது

அவர்கள் போனபிறகு சின்ன முதலாளி கரிச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டி என்பது அவருக்கு நினைவில்லை. காதர் அண்ணன் ஹேண்டிலைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்து, "இதை எடுத்தே ரெண்டு போடுங்க முதலாளி" என்றார். சுமைகாரர்களில் ஒருவர், போன மாதம்தான் மகளுக்குப் பரிசம் முடித்திருந்தவர், வாய்விட்டு அழுதார். யாரும் காதர் அண்ணனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

உள்ளேயிருந்து பெரிய முதலாளி வந்தார். நடந்தது அத்தனையும் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார். தம்பியைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, வேட்டியில் ஒட்டிய கரியைத் தட்டிவிட்டார். அது இன்னும் பரவியது. பிறகு பொதுவாகச் சொன்னார்:

"வண்டியச் சொன்னா ரோசப்படுற டிரைவர்தான் வேணும்னு நாமதான்டா தேடித் தேடி வச்சோம், இப்ப யாரை நோகுறது?"

ஜட்காவில் ஒரு காலை

மூக்கியும் போனாள், சித்திரையோடு கம்பெனியை மூடிவிட்டார்கள். ஷெட்டில் மரக்கடை வந்தது. இரண்டு டிரைவர்கள் ஊர் மாறிப் போனார்கள். மற்றவர்கள் ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்கும் கொத்து வேலைக்கும் போனார்கள். அழுத அந்தச் சுமைகாரரின் மகள் கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப் போய் நடந்தது. நான் ஒரு மில்லில் பாய்லருக்குக் கரி போடப் போனேன், அங்கேயும் ராத்திரிதான். காதர் அண்ணன் அதற்குப் பிறகு லாரியே ஓட்டவில்லை. கோரிப்பாளையத்திலிருந்து ஸ்டேஷனுக்கு ஜட்கா ஓட்டினார்.

எனக்குள் ஒரு விஷயம் மூன்று வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் புட்டியிலிருந்த பெட்ரோல் ஷெட் கேட்டைத் தாண்டக்கூடக் காணாது. மூக்கி கோரிப்பாளையம் வரை போய் வந்தது என் அடுப்பில்தான். மேலே இரண்டு கூடை கரியைத்தான் நான் நனைத்தேன். அடியில் போட்டது முழுக்க, தினமும் போடுவதுபோலச் சலித்து எடுத்த காய்ந்த உடைமரக் கரி. அன்றைக்கு வாளித் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன், அடிக் கரியில் அதைச் சாய்க்க மனசு வரவில்லை. ஒரு காலை மில் விட்டு வரும்போது காதர் அண்ணன் என்னை ஜட்காவில் ஏற்றிக்கொண்டார். பாலத்தின் மேல் போகும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "தப்பு உங்களோடது மட்டும் இல்லண்ணே" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தெரியும் மாப்ள, கேட்டைத் தாண்டுறப்பவே தெரியும், ஈரக் கரியில எந்த வண்டிடா அம்புட்டு அழகா ஓடும்?"

ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வேலையை மோசமாகச் செய்யச் சொன்னார்கள், அதையும் எங்களுக்கு ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை.