மதி என்றால் போதும்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் சாக்கும் கயிறும் மொத்தமாக விற்கும் பகவதிப்பெருமாளுக்கு ஆண்டவன் கொடுத்தது இரண்டு. ஒன்று தட்டைப் பாதம், இன்னொன்று தொண்டை. தட்டைப் பாதத்தின் புண்ணியத்தில் ஓட்டம் பள்ளிக்கூடத்திலேயே அவரைக் கைவிட்டுவிட்டது. தொண்டை மட்டும் கூடவே வந்தது. கடை வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால், தெருக்கோடியில் லாரிக்குப் பின்னால் பீடி பற்றவைக்கிற, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரன் தீக்குச்சியைக் கீழே போடுவான். "மதி!" என்றால் அடுக்கியது போதும், நிறுத்து. "போரா!" என்றால் காணாது, இன்னும் அடுக்கு. இரண்டும் மலையாளம். இந்த இரண்டு வார்த்தையை வைத்தே அவர் கடை ஓடியது என்று சொன்னாலும் தப்பில்லை.

அப்பா பூதப்பாண்டியிலிருந்து வந்து கடை போட்டவர். மகன் பிறந்து வளர்ந்து ஸ்ரீவராகத்தில் வீடு வாங்கியது வரை எல்லாம் திருவனந்தபுரந்தான். வீட்டில் தமிழ் பேசுவார், தெருவில் மலையாளம். நாகர்கோவில் கல்யாண வீடுகளில் "மலையாளத்தார் வந்தாச்சு" என்று சொந்தக்காரர்கள் இலை போடுவார்கள். இங்கே யாருக்காவது கோபம் வந்தால், தமிழன் என்பதை இளக்காரமாக "பாண்டி" என்பார்கள். இரண்டையும் கேட்டுக் காது மரத்துப்போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மனிதர்கள் தங்களைப் பற்றி இப்படிப் பலதையும் நினைத்துக்கொள்கிறார்கள்.

யாரும் ஊர் விசாரிக்காத இடம் ஒன்று அவருக்கு இருந்தது. பாளையத்துப் பக்கம் ஸ்டேடியத்தில், முடிவுக்கோட்டுக்கு நேர் மேலே உள்ள படிக்கட்டு. ஓட்டப்பந்தயம் நடக்கிற நாளில் கடையைச் சாத்திவிட்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் சத்தியதாஸ் இருப்பார். பாறசாலைக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு நூறு மீட்டர் முடிவைப் பற்றிச் சண்டை போட்டுத்தான் இருவரும் பழக்கமானார்கள். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. இரண்டு படி மேலே பிந்து உட்காருவாள். கல்லூரியில் எண்ணூறு ஓடியவள், இப்போது அரசாங்க ஆபீசில் வேலை. இவர்கள் இரண்டு பேரும் சொல்வது தப்பு என்று சொல்வதற்காகவே லீவு போட்டு வருவாள்.

அன்று ரிலே மீட். தெற்கு மாவட்டங்களோடு நாகர்கோவில் பக்கத்து கிளப் ஒன்றையும் அழைத்திருந்தார்கள். சத்தியதாசின் கடைசி மகள் ரெம்யா திருவனந்தபுரம் கிளப்புக்கு ரிலேயில் கடைசிச் சுற்று ஓடுகிறாள். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் தனியாக எண்ணூறும் ஓட வேண்டும். மத்தியானம் பெய்த மழை நிகழ்ச்சி வரிசையைக் கலைத்துப்போட்டதில் இரண்டும் அடுத்தடுத்து வந்துவிட்டன.

படிக்கட்டில் காலையிலிருந்தே பேச்சு ஓயவில்லை. நூறு மீட்டர் ரிலேயில் கொல்லம் பிள்ளைகள் தோற்றது காலாலா கையாலா என்று ஒரு பாடு விவாதம் நடந்தது. குச்சி கைமாறுகிற இடத்தில் வாங்குகிறவள் முன்னாலேயே கிளம்பிவிட்டாள் என்றார் பெருமாள். கொடுக்கிறவள் சோர்ந்துபோனாள் என்றார் சத்தியதாஸ். இரண்டுமில்லை, தடம் நனைந்திருக்கிறது என்றாள் பிந்து. ஆண்களின் ஆயிரத்தைந்நூறில் ஜெயித்தவனை மூவருமே ஒத்துக்கொள்ளவில்லை. முதல் இரண்டு சுற்று மற்றவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஓடினானாம். அதற்குப் பிறகு ரெம்யாவின் பேச்சு வந்தது. ரிலேயிலேயே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டால் எண்ணூறுக்குக் காலில் ஒன்றும் மிச்சமிருக்காது என்று சத்தியதாஸ் கவலைப்பட்டார். பெருமாள் அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டார்.

நானூறு மீட்டர் ரிலே தொடங்கியது. ரெம்யா கையில் குச்சி வந்தபோது பின்னால் வருகிறவளுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்தலாம். கடைசி வளைவு தாண்டியும் அந்த இடைவெளி அப்படியே இருந்தது. ஆனாலும் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறாள். பெருமாளுக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று, கடை வாசலில் கொடுக்கிற அதே குரலைக் கொடுத்தார்.

"மதி! மதி!"

குரல் போய்ச் சேர்ந்தது. ரெம்யாவின் தோள் தளர்ந்தது, கை இறங்கியது. அதே நொடியில் பக்கத்துப் படிகளில் நாகர்கோவில் ஜெர்சி போட்ட பெண்கள் கூட்டமாக எழுந்து, யாரோ ஒரு புண்ணியவான் தங்கள் ஆளை வாழ்த்துகிறார் என்ற சந்தோஷத்தில் "மதி! மதி!" என்று கூடவே கத்தத் தொடங்கினார்கள். பின்னால் வந்தவள் தலையை நிமிர்த்தினாள். அப்புறம் அவள் ஓடியதை ஓட்டம் என்று சொல்லக் கூடாது, பாய்ச்சல். ரெம்யா திரும்பிப் பார்த்தபோது கோடு வந்துவிட்டது. அதை முதலில் தொட்டது ரெம்யா இல்லை.

பிந்து போனில் பெயர்ப் பட்டியலைத் தேடி எடுத்துப் படித்தாள். நாகர்கோவில், கடைசிச் சுற்று, மதி. வெறும் மதிதான், முன்னும் பின்னும் ஒன்றுமில்லை.

பின்படியிலிருந்து யாரோ, பாண்டி பாண்டியைத்தானே விளிக்கும் என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தான். மரத்துப்போயிருந்ததாக நினைத்த காது சுட்டது. பெருமாள் திரும்பவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது சத்தியதாசின் முகத்தை.

சத்தியதாஸ் மெதுவாகக் கேட்டார். "நீரு ஆரெயாக்கும் வே விளிச்சது?"

எத்தனையோ வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த மனுஷன் இப்படிக் கேட்டுவிட்டாரே என்று பெருமாளுக்கு வருத்தமாக இருந்தது. கோபமும் வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் என்ன சொல்வது? அந்தப் பெண்ணைத்தான் வாழ்த்தினேன் என்றால் ஊர்ப்பாசத்தில் சிநேகிதன் மகளை விட்டுக்கொடுத்தவர் ஆவார். உன் மகளைத்தான் நிறுத்தச் சொன்னேன் என்றால் ஜெயித்த ஓட்டத்தைத் தோற்கடித்த முட்டாள் ஆவார். ஓட்டத்தைப் பார்த்து அளக்கத் தெரியும் என்பது ஒன்றுதான் வாழ்க்கையில் அவருக்கிருந்த கர்வம். தேர்ந்தெடுக்க நல்லதாக ஒன்றும் கையில் இல்லாததால் அவர் பேசாமல் நின்றார். அந்த மௌனத்தைச் சத்தியதாஸ் பதிலாக எடுத்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டபடி கீழ்ப்படிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தார்.

ரெம்யா வேலிக்கு வெளியே வந்து, அப்பாவைத் தாண்டிப் பெருமாளிடம் ஏறி வந்தாள். ஷூவெல்லாம் சேறு. அழுதிருந்தாள், முகம் கழுவியும் அது தெரிந்தது.

"பெருமாள் மாமா, மதின்னு சொன்னது என்கிட்டயா? இல்ல, அந்தப் பிள்ளைக்க பேரா?"

அவர் அப்போதுதான் ஒன்றைப் புரிந்துகொண்டார். அந்தப் பிள்ளையின் பெயர் என்று சொன்னால் தப்பு முழுவதும் இவள் தலையில் ஏறும். யாரோ யாரையோ கூப்பிட்டதற்கு நின்றுபோன கிறுக்கி என்று இவளே இவளை நினைத்துக்கொள்வாள். வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொள்வாள்.

"ஒன்கிட்டதாம் மக்களே சொன்னேன். எண்ணூறுக்கு மிச்சம் வைக்கட்டும்னு நெனச்சேன். தப்பு எனக்கதுதான்." கீழ்ப்படி வரை கேட்கும்படிதான் சொன்னார். அவருக்குத் தாழ்ந்த குரல் என்று ஒன்று இல்லை.

ரெம்யா பெருமூச்சு விட்டாள். "அப்ப எனக்குச் சரியாத்தான் கேட்டுருக்கு," என்றாள். பிறகு எண்ணூறுக்குத் தயாராக இறங்கிப் போனாள்.

சத்தியதாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் பெருமாளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு பேருக்கும் நடுவில் ஈரப் படிகள் மட்டும் கிடந்தன.

எண்ணூறில் அந்த மதியும் ஓட இறங்கினாள். முதல் சுற்று முழுக்க ரெம்யா நடுவில் அடைபட்டு ஓடினாள். பிந்து தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாம் சுற்றில் வழி கிடைத்து வெளியே வந்தபோது மதி முன்னால் போய்விட்டிருந்தாள். நாகர்கோவில் பெண்கள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அந்தச் சத்தம் முழுக்க "போதும், போதும்" என்று ரெம்யாவின் காதில் விழுமே என்று பெருமாளுக்குப் பதறியது. ஆனாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். இனி இந்தத் தொண்டையை ஸ்டேடியத்துக்குக் கொண்டுவருவதில்லை என்று உள்ளுக்குள் சபதமும் செய்தார்.

கடைசி வளைவில் சத்தியதாஸ் எழுந்தார். பாதையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார். "விளியும் வே. ஒம்ம ஒச்சைதான் அவளுக்குக் கேக்கும்."

பெருமாள் எழுந்து நின்றார். எத்தனையோ பாரம் ஏற்றி இறக்கிய அந்தக் குரலைத் திரும்பக் கொடுத்தார்.

"போரா! போரா!"

பக்கத்துப் படியில் ஒருத்தி, "போறா போறான்னு அவருக்கும் தெரியுது பாரு, நம்ம மதிதான் போறா," என்று பூரித்தாள். போகிறவளுக்கு அது அப்படிக் கேட்டிருக்கலாம். வருகிறவளுக்குக் காணாது, இன்னும் வேண்டும் என்று கேட்டது. கையை வீசி, முகம் கோணி, ரெம்யா வந்தாள். தோளோடு தோளாக வந்தாள். இருவரும் கோட்டைத் தாண்டியபோது மார்பு முன்னால் இருந்தது மதிக்கு. அதில் சந்தேகமில்லை, பிந்துகூட ஒத்துக்கொண்டாள்.

மதி கோட்டைத் தாண்டிக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெம்யா நிற்கவில்லை. ஓட்டம் முடிந்தது தெரியாதவளாய் வளைவுக்குள் ஓடிக்கொண்டேயிருந்தாள். நடுவர் ஒருவர் கொடியை ஆட்டினார். அதையும் அவள் கவனிக்கவில்லை.

சத்தியதாஸ் படியேறி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து, துண்டால் ஈரத்தைத் துடைத்துப் பக்கத்தில் இடம் விட்டார்.

"இனிச் சொல்லும் வே," என்றார்.

பெருமாள் இரண்டு கையையும் வாயருகே குவித்து "மதி!" என்று குரல் கொடுத்தார்.

கீழே இரண்டு பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.