பையில் வைத்திருந்த வேகம்

ஸ்டூவர்ட் பிரிட்மோர் பந்தயக் கார் ஓட்டுகிறவன் என்பது அவன் குடியிருந்த தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. வாசலில் ஒரு பழைய வேன் நிற்கும். அதில் அவன் காய்கறிப் பெட்டிகள் ஏற்றிப் போவதாகவே எதிர்வீட்டுக்காரர் வெகுநாள் நம்பியிருந்தார். ஸ்டூ மறுக்கவும் இல்லை. பந்தயம் ஓட்டுகிறேன் என்று சொன்னால் அடுத்து, "ஜெயிச்சிருக்கீங்களா?" என்று கேட்பார்கள். அதற்கு அவனிடம் நேரான பதில் கிடையாது.

சின்ன வயதில் ஜெயித்தவன்தான். லாரி ஓட்டிய அப்பா வாரக்கடைசியில் பிள்ளைகள் பந்தயத்துக்கான குட்டிக்காரை வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கூட்டிப் போனார். கோப்பைகளை வைக்க அம்மா துணி அலமாரியின் மேல்தட்டை ஒழித்துக் கொடுத்தாள். இருபத்திரண்டு வயதில் அடுத்த படி ஏற வேகம் இருந்தது, வசதி இல்லை. அவனைவிட மெதுவாக ஓட்டிய இரண்டு பேர் ஏறிப்போனார்கள். ஸ்டூ கீழே நின்று கையசைத்தான். பிறகு ஹார்பி மூர் பந்தயத் திடலில் வேலைக்குச் சேர்ந்தான். கம்பெனிகள் தங்கள் ஆட்களை ஒருநாள் கொண்டாட்டத்துக்கு அழைத்து வரும். அவர்கள் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக், பிரேக், பிரேக்" என்று சொல்வதுதான் வேலை.

அப்படி வந்தவர்தான் மால்கம் ஓல்ட்ரிட்ஜ். கோர்பி பக்கம் குளியல் தொட்டி செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தார். குட்டையான, உருண்டையான மனிதர். மூன்றாவது சுற்றிலேயே காரைப் புல்வெளிக்குள் விட்டு டயர் சுவரில் முட்டினார். தூசி அடங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இவ்ளோ சந்தோஷமா நான் எதையும் உடைச்சதே இல்லடா. ஏன் நீ கத்தல?"

"கத்தினேனே. நீங்க பாடிக்கிட்டு இருந்தீங்க."

அடுத்த மாதமே ஆள் திரும்பி வந்தார். "ஒரு கார் வாங்கப்போறேன். நீண்ட தூரப் பந்தயம். பாதி நான், பாதி நீ. வர்றியா?"

பதினோரு வருஷம் அப்படித்தான் ஓடியது.

அந்தப் பந்தயங்களில் ஓட்டுகிறவர்களை மூன்று தரமாகப் பிரித்திருந்தார்கள். ஆசைக்கு ஓட்டும் மால்கம் மாதிரி ஆட்கள் வெண்கலம். பிழைப்புக்கு ஓட்டும் ஸ்டூ மாதிரி ஆட்கள் வெள்ளி. அதற்கு மேல் தங்கம். வெண்கலத்தோடு வெள்ளி சேரலாம், தங்கம் சேரக்கூடாது. வருஷக் கடைசியில் ஒரு குழு உட்கார்ந்து எல்லோருடைய ஓட்டத்தையும் பார்க்கும். வெள்ளிக்காரன் ரொம்ப வேகமாக ஓடியிருந்தால் தங்கமாக்கிவிடும். பெரிய கார் கம்பெனிகள் இளவட்டத் தங்கத்தைத்தான் தேடும். நாற்பதைத் தாண்டியவன் தங்கமாவதும் வீட்டில் உட்காருவதும் ஒன்று.

அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. வெள்ளிக்காரர்கள் வேகத்தில் கொஞ்சத்தைப் பையில் போட்டுவைத்துக்கொள்வார்கள். நீண்ட நேர்பாதையின் கடைசியில், யாரும் கவனிக்காத இடத்தில், ஆக்சிலரேட்டரிலிருந்து கால் ஒரு இமைப்பொழுது முன்னதாகவே எழும்பும். ஸ்டூவின் கால் பதினோரு வருஷமாக அப்படி எழும்பிப் பழகியிருந்தது. மூன்றாவது, நான்காவது, சில நல்ல நாட்களில் இரண்டாவது. அந்தக் காலால்தான் அவனும் மனைவி லோர்னாவும் வீடு கட்டினார்கள், மகளுக்குப் பல்லுக்குக் கம்பி போட்டார்கள்.

அந்த அக்டோபரில் மால்கம் சொல்லிவிட்டார். இதுதான் கடைசி. அறுபத்திரண்டு வயதாகிறது, காரை விற்கப்போகிறேன், மனைவிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட முதலாவதாக வராத மனிதர்.

ஹார்பி மூரில் காலையிலிருந்தே தூறல். அந்தக் காலத்துப் போர் விமானத்தளம் அது. மரமில்லாத வெளியில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் வரும். பாதையோரம் சைகை காட்டும் ஆரஞ்சு உடுப்புக்காரர்கள் கொடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பன்றிக்கறி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அணியை நடத்தும் மாரீன் டக்கர் தேநீர்க் குடுவையோடு வந்தார். லெஸ்டர்காரர். பெரியவர் சின்னவர் எல்லோரும் அவருக்குக் கண்ணுதான்.

"மால்கம் கண்ணு, பாதி நேரம் ஓட்டிட்டு முழுசா திரும்பி வந்துடு. அதுவே எனக்கு வெற்றி."

"இன்னிக்கு என் கால்ல எஞ்சின் இருக்கு, மாரீன்."

"போன தடவையும் அதேதான் சொன்ன. பாதையோரத்து மணல்ல போய் குடித்தனம் நடத்தின."

ஆனால் அன்று அவர் சொன்னது நடந்தது. வழுக்கும் தரையில் மற்ற வெண்கலக்காரர்கள் ஒவ்வொருவராகச் சுழன்று ஒதுங்க, மால்கம் மட்டும் பாத்திரத்தில் தளும்பத் தளும்பப் பால் கொண்டுபோகிறவரைப் போல காரைக் கொண்டுவந்தார். பாதி நேரம் முடிந்து ஆள் மாற உள்ளே வரும்போது அவர் முதலிடத்தில் இருந்தார். ரேடியோவில் மூச்சு வாங்கியது, சத்தமாகச் சிரிப்பும் கேட்டது.

ஆள் மாறுவதை மாரீனின் கொட்டகையில் வருஷக்கணக்காகப் பழகியிருந்தார்கள். இருக்கை ஸ்டூவின் உயரத்துக்குச் செய்தது. குட்டையான மால்கத்துக்கு முதுகிலும் அடியிலும், அவர் உடம்பளவுக்கு வார்த்த ஒரு அச்சு மெத்தை வைக்க வேண்டும். இறங்கும்போது அதை அவர் கையோடு உருவிக்கொண்டு வெளியே வர வேண்டும். பிறகு திரும்பிக் குனிந்து ஸ்டூவின் பெல்ட்டுகளைப் பூட்டிவிட்டு, ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும்.

மால்கம் கதவைத் திறந்து குதித்தார். "முதல்லடா! நாம முதல்ல இருக்கோம்!" என்று ஸ்டூவைக் கட்டிப்பிடித்தார். மெத்தை உள்ளேயே கிடந்தது.

ஸ்டூ பாய்ந்து உட்கார்ந்தபோது தலை கூரையில் இடித்தது, முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டியது. என்னவென்று புரிவதற்குள் மால்கம் பெல்ட்டைப் பூட்டியே விட்டார். அவிழ்த்து, இறங்கி, மெத்தையை உருவி, மறுபடி ஏறி, மறுபடி பூட்டி. அதற்குள் இரண்டு கார்கள் சீறிக்கொண்டு வெளியே போய்விட்டன. மெத்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மால்கம் நின்றார். ஹெல்மெட்டில் தட்டவும் மறந்துபோனார்.

முதல் சுற்று முடிவதற்குள் ரேடியோவில் அவர் குரல் வந்தது. "என்னை மன்னிச்சுக்கடா ஸ்டூ. மெத்தையை..."

பிறகு மாரீன் பேசினார். "மூணாவது இடம் கண்ணு. முன்னாடி போறவன் ரொம்ப தூரம் போயிட்டான். மூணாவது நல்ல இடந்தான். பத்திரமா கொண்டுவா."

மாரீன் சொல்லாமல் விட்டதும் அவனுக்குக் கேட்டது. உன் தரத்தைப் பார்த்துக்கொள், அடுத்த வருஷம் வேறொரு வெண்கலக்காரர் கிடைப்பார். உண்மைதான். டெர்பியிலிருந்து ஒருவர் ஏற்கெனவே விசாரித்திருந்தார்.

மழை விட்டிருந்தது. சாலையின் நடுவே ஒரு கார் அகலத்துக்கு ஈரம் காய்ந்து வெளுத்த கோடு தெரிந்தது. நேர்பாதையின் கடைசியில் அவனுடைய கால், யாரும் சொல்லாமலே, வழக்கமான இடத்தில் எழும்பப் பார்த்தது. அவன் எழும்ப விடவில்லை.

"மாரீன், எனக்கு நேரம் எதுவும் சொல்லாதீங்க."

"ஸ்டூ, என்ன பண்ற?"

"சும்மா ஓட்டுறேன்."

அதற்குப்பின் அவன் எதையும் பையில் போடவில்லை. சர்ச் வளைவில் உள்ளே நுழைந்தபோது வண்டி அவன் கேட்பதற்கு முன்பே திரும்பியது. இருபத்திரண்டு வயதில் தன்னோடு இருந்த ஒருவன் அவ்வளவு காலமும் பின்சீட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து, இப்போது எட்டிப்பார்த்ததுபோல அவனுக்குத் தோன்றியது. முன்னால் போன இரண்டாவது காரை எப்போது தாண்டினான் என்பதே சரியாக நினைவில்லை. முதல் காரின் விளக்கு தூரத்துப் புள்ளியாகத் தெரிந்தது. பிறகு பெரிதாகத் தெரிந்தது. பிறகு கண்ணாடியில், பின்னால், மறுபடியும் புள்ளியாகிப்போனது. பந்தயம் முடிய இன்னும் நிறைய நேரம் இருந்தது.

கொடி விழுந்து அவன் உள்ளே வந்தபோது எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். மால்கம் மட்டும் கத்தவில்லை. கையில் இன்னும் அந்த மெத்தையோடு, சுவரில் தொங்கிய நேரப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திடலில் அந்த வகைக் கார் அதுவரை ஓடியிராத வேகம் அதில் இருந்தது. வயசுப் பிள்ளைகளுடைய நேரங்கள் அதற்குக் கீழே கிடந்தன.

ஸ்டூ ஹெல்மெட்டைக் கழற்றினான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இன்று வெளியே எடுத்துக் காட்டியதை இவ்வளவு வருஷமும் ஒளித்துவைத்திருந்தது இந்த மனிதரிடமிருந்துந்தான்.

"மால்கம், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இத்தனை வருஷமா..."

"தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"நீ காலைத் தூக்குறது. முதல் வருஷமே தெரியும். தொட்டி விக்கிறவன்னா கண்ணும் தொட்டி மாதிரி வெறுமையாவா இருக்கும்?"

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா ஜெயிச்சிருப்போம். ஜெயிச்சிருந்தா உன்னைத் தூக்கித் தங்கத்துல போட்டிருப்பாங்க. அப்புறம் எவனாவது முசுட்டுப் பயலோட நான் ஓட்டணும். நான் பாடுனா அவன் கேப்பானா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கோப்பையவிட இந்தப் பதினோரு வருஷந்தான் வேணும்னு இருந்துச்சு. இன்னிக்கு ரெண்டையும் குடுத்துட்ட. அறிவு கெட்டவனே, உன் பொழப்பைக் கெடுத்துக்கிட்டியே!"

மாரீன் இருவரையும் பின்னாலிருந்து தள்ளினார். "அழுறவங்க மேடையில போய் அழுங்க கண்ணுங்களா. போட்டோக்காரன் காத்துக்கிட்டு இருக்கான்."

மேடையில் கூட்டத்துக்குத் தெரியக் கோப்பையை உயர்த்திப் பிடிக்க மால்கத்துக்கு உயரம் போதவில்லை. ஸ்டூ அவரை இடுப்பில் பிடித்துத் தூக்கினான். கீழே நின்ற மெக்கானிக்குகள், "தொட்டியைக் கவுத்துடாதே!" என்று கூவினார்கள்.

டிசம்பரில் மாரீன் போன் செய்தார். ஸ்டூ சமையலறையில் நின்று கேட்டான். கேட்டுக்கொண்டே இருந்தான். "சரி மாரீன். இல்ல, வருத்தமெல்லாம் இல்ல. நீங்க அழாதீங்க" என்று சொல்லி வைத்தான்.

லோர்னா அடுப்பிலிருந்து திரும்பினாள். "தங்கமா?"

"தங்கம்."

"டெர்பிக்காரர்?"

"வேற வெள்ளி தேடிக்கிட்டாராம். மரியாதையாத்தான் சொல்லி அனுப்பியிருக்கார்."

"இப்ப நான் வாழ்த்துச் சொல்றதா, துக்கம் விசாரிக்கறதா?"

"ரெண்டையும் சொல்லு. ரெண்டுக்கும் டீ போடு."

அவள் தேநீர் வைத்தாள். திடலில் வசந்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், பழைய வேலைதான், கம்பெனி ஆட்கள்தான் என்று அவன் சொன்னான். அவன் குரலில் குறை இல்லை என்பதை அவள் கவனித்தாள். பிறகு அவன் போனை எடுத்து மால்கத்தை அழைத்தான்.

"சீக்கிரம் சொல்லுடா, இவ என்னைத் தோட்டத்துல இலை கூட்டவிட்டிருக்கா."

"தங்கமாக்கிட்டாங்க."

அந்தப் பக்கம் துடைப்பம் நின்றது.

"நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன், மால்கம்."

"எதுக்குடா? நான்தான் மெத்தையை மறந்தவன்."

"அதுக்குந்தான்" என்றான் ஸ்டூ.