புல்லுக்கு அடியில் இருந்த காரை

பொன்மலை ரயில்வே பங்களாக்களைப் பார்த்து வந்த ஆசை. ஸ்ரீரங்கத்தில் நான் கட்டிய புது வீட்டின் முன்னாலும் புல்தரை போட நினைத்தேன். திருவெள்ளறை வேலாயி, வரப்பில் மண்ணோடு வெட்டிய அருகம்புல் பத்தைகளை வண்டியில் கொண்டுவந்தாள்.

"கட்டடக் காரையை அள்ளிட்டீங்களா? சுண்ணாம்பு இருந்தா புல்லு கருகிடுமுங்க."

"ஆச்சு" என்றேன். உண்மையில் காரையின்மேல் மணலைத் தூவி மறைத்திருந்தேன்.

பத்தே நாளில் புல் கருகியது. அவளை வரவழைத்து, வீடு பார்க்க வந்திருந்த மாமனார் எதிரிலேயே, "செத்த புல்லைக் கொடுத்து ஏமாத்திட்டியே" என்று கத்தினேன்.

வேலாயி குனிந்து ஒரு பத்தையைப் புரட்டினாள். அடியில் வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புக் காரை. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மாமனார் கண்ணில் படுமுன் பத்தையைக் கவிழ்த்துவிட்டாள்.

"வெயிலு ஜாஸ்திங்க. வேற கொண்டாறேன்" என்றாள் அவரிடம்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "சீக்கிரம் கொண்டா" என்றேன்.

காரையை அள்ளியபின் போட்ட புல் இன்று பச்சைப்பசேலென்று இருக்கிறது. அதில் கால் வைக்கத்தான் கூசுகிறது.