டவுன் பஸ்ஸில் ஏறிய நாற்று

வசந்தி எங்கள் ஊருக்குத் திரும்பி வருவதற்கு முன்பு ஊரில் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. கும்பகோணத்தில் பொருளாதாரத்தில் முதுகலை படித்துத் தேறி, தேடிவந்த உத்தியோகத்தை மறுத்துவிட்டு, நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவன் நான். வாய்க்கால் பாசன சங்கத்துக்குத் தலைவன். மனைவியை இழந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. டீக்கடை வாசலில் நான் வந்து நின்றால் உள்ளே பேச்சு நிற்கும். அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். இன்றும் அப்படித்தான்.

இதையெல்லாம் இப்போது நினைக்க வைத்தது ஒரு நாவல். தஞ்சாவூர்ப் புத்தகக் கண்காட்சியிலிருந்து என் மருமகள் வாங்கி வந்தாள். "நம்ம ஊர்க் கதைங்க மாமா. படிச்சா மனசு லேசாயிடுது" என்றாள். கணவனை இழந்த ஒருத்தி ஒற்றைப் பெட்டியோடு பம்பாயிலிருந்து தாய் ஊருக்கு வந்து, வயலில் இறங்கி, ஒரு பஸ் கண்டக்டரிடம் மனதைப் பறிகொடுத்து, புதிதாக வாழத் தொடங்குகிறாள். கதை அவ்வளவுதான். எழுதியவர் வசந்தியேதான். தலைப்பைச் சொல்லமாட்டேன், விளம்பரம் செய்வது என் வேலையல்ல. மருமகள் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். நான் பென்சிலும் கையுமாக இரண்டு முறை படித்தேன், எழுத்துப்பிழைகளுக்காக.

பிழைகள் அதிகமில்லை. கண்டக்டர்தான் பெரும்பிழை. நாவலில் அவன் நெடியவன், சுருள்முடிக்காரன், குரல் கோயில் மணி போலக் கனத்தது. அசல் கண்டக்டர், எங்கள் நடேசனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நெற்றி அப்போதே உச்சந்தலை வரை ஏறியிருந்தது. குரல், "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தியே கரகரத்துப் போனது. முடியைக் கொடுத்தது எழுத்தாளரின் உரிமை என்று விட்டுவிடலாம். ஆனால் எட்டாம் அத்தியாயத்தில் வாய்க்கால் கரையில் நின்று அவன் ஒரு வாக்கியம் சொல்கிறான்: "மொத போகத்துல மண்ணு ஒங்களப் பாக்கும். ரெண்டாம் போகத்துலதான் நீங்க மண்ணப் பாக்க முடியும்."

அது என் வாக்கியம்.

வசந்தி வந்த புதிதில், தாயார் விட்டுச்சென்ற நிலத்தில் கோரை மண்டிக் கிடப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றபோது, அதே கரையில் நான் சொன்னது. "எழுதி வெச்சுக்கலாம் போல இருக்குங்க சார்" என்றார் அன்று. எழுதித்தான் வைத்திருக்கிறார், நடேசன் வாயில். அவன் தன் ஆயுளில் டிக்கெட்டுக்கு வெளியே ஒரு முழு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

அந்தப் பக்கத்தைப் புரட்டினால் அடுத்து நாற்று வாசனையைப் பற்றி ஓர் அத்தியாயம். பறித்த நாற்றின் வேரில் ஒட்டியிருக்கும் சேற்றுக்கென்று ஒரு வாசனை உண்டு. பச்சையும் புளிப்புமாக மூக்கில் ஏறி நிற்கும். அதை அவர் நன்றாகவே எழுதியிருக்கிறார். எனக்கோ அந்த வாசனை வந்தால் ஒரு மழைக்காலம்தான் நினைவுக்கு வரும்.

அவருடைய முதல் சம்பா அது. புரட்டாசிக் கடைசியில் பிடித்த மழையில் அவர் நாற்றங்கால் மூழ்கி, நாற்று முழுவதும் அழுகிப்போனது. புதிதாக விதைத்து வளர்க்கக் காலமில்லை. அந்தப் போகம் தவறினால் பம்பாய்க்கே திரும்பிவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தது ஊருக்கே தெரியும். என் நாற்றங்கால் மேட்டில் இருந்ததால் தப்பித்தது. நட்டது போக அவர் நிலத்துக்குத் தாராளமாகக் காணும் அளவுக்கு மிச்சமும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் இதற்கொரு வழக்கம் உண்டு. நாற்று போதாதவர் வரப்பில் வந்து நின்று, "நாத்து மிச்சம் இருக்குங்களா?" என்று கேட்பார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்வதுமில்லை, காசு வாங்குவதுமில்லை. ஆனால் கேட்க வேண்டும். கேளாதவர் வயலில் நாற்றைக் கொண்டுபோய்ப் போடுவது, உன்னால் பயிர் வைக்க முடியாது என்று ஊரறியச் சொல்வதற்குச் சமம். நான் வழக்கம் தெரிந்தவன். அவர் வந்து கேட்கட்டும் என்று அந்த நாற்றை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவைத்தேன். கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தேன்: "நாத்து என்னங்க, வயலே ஒங்களுதுதான்." முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து இதைச் சொல்லிப் பார்த்தேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

காலையில் சலவைச் சட்டையோடு வரப்பில் போய் நிற்பேன். நடவாட்களுக்குத் தலைமையாக இருந்த அஞ்சலையிடம் எதையும் மறைக்க முடியாது.

"ஐயா, அந்தம்மா வரும்னு நிக்கிறீங்களா?"

"வாய்க்கால்ல தண்ணி வருதான்னு பாக்குறேன்."

"தண்ணி அந்தப் பக்கமில்ல வருது. நீங்க இந்தப் பக்கம் பாக்குறீங்களே!" மற்றப் பெண்கள் குனிந்தபடியே சிரித்தார்கள். "நீங்க நிக்கிற நிப்பப் பாத்தா போலீஸ்காரரே கேக்க மாட்டாரு. நாத்து முத்திப்போவுதுங்க. நானே கொண்டுபோயி போட்டுடவா?"

"அவங்களே வந்து கேப்பாங்க" என்றேன்.

அந்த வாரம் கும்பகோணம் போய்க் காப்பித்தூள் அரைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் திரும்பினேன். வழியில் நடேசனின் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். நிறுத்தத்தில் அக்காவும் அத்தானும் பறித்துக் கட்டிய நாற்று முடிகளைக் குவித்துவைத்துக் காத்திருந்தார்கள். நடேசன் குதித்து இறங்கி, முடி முடியாகப் பஸ்ஸுக்குள் அள்ளிப் போட்டான். இருக்கைகளுக்கிடையே சேற்றுத்தண்ணீர் ஓடியது.

"யோவ் நடேசா, இது பஸ்ஸா நாத்தங்காலா?" என்றார் பின்னாலிருந்து ஒரு பெரியவர்.

"நாத்துக்கு லக்கேஜ் போட்டாச்சு பெருசு. ஒனக்குத்தான் இன்னும் டிக்கெட் போடல. சில்லறைய எடு."

"ஒனக்குத்தான் வயலே கெடையாதேய்யா!" என்றாள் ஒரு கூடைக்காரி.

"வயலு இல்லாட்டி என்ன, வயக்காரம்மா இருக்காங்கல்ல?"

பஸ் முழுவதும் சிரித்தது. நடேசன் காது வரை சிவந்து, என் பக்கம் குனிந்து, "ஐயா, கால கொஞ்சம் தூக்கிக்குங்க, ஈரம்" என்றான். தூக்கிக்கொண்டேன். ஊர் வரும்வரை கால் தரையில் படாமல்தான் பயணம் செய்தேன்.

எங்கள் நிறுத்தத்தில் வசந்தி நின்றிருந்தார். எங்கேயாவது நாற்று கிடைக்குமா என்று விசாரிக்கக் கும்பகோணம் கிளம்பியவர். அவர் காலடியில் முடிகள் வந்து விழுந்தன.

"என்ன இது? நான் கேக்கவே இல்லையே!"

"கேக்கறதுக்குள்ள தை பொறந்துரும். புடிங்க, டைமாச்சு" என்று விசில் ஊதினான் நடேசன்.

அவர் சிரித்தார். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு முடியை இடுப்பில் அணைத்துக்கொண்டார், சேலையெல்லாம் சேறு. பிறகு என்னைக் கண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே "வாங்க சார்" என்றார். நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். "நாத்து கொஞ்சம் எளசா இருக்கு" என்றேன்.

"பரவால்லைங்க சார், வளந்துரும்" என்றார்.

வளர்ந்தது. தையில் அறுத்தார், அடுத்த வைகாசியில் சுவாமிமலையில் கல்யாணம். ஊர்ப் பெரியவன் என்ற முறையில் நான்தான் முதலில் அட்சதை போட வேண்டியிருந்தது. வெள்ளிக் குங்குமச்சிமிழ் ஒன்று கொடுத்தேன். அன்று பந்தியில் வத்தக்குழம்பில் உப்பு கூடுதல் என்று எனக்குத் தோன்றியது; வேறு யாரும் சொல்லவில்லை. நிறுத்திவைத்த நாற்றை அஞ்சலை அறுத்து மாட்டுக்குப் போட்டாள்.

அஞ்சலையும் போய்விட்டாள். நாற்றங்காலும் போய்விட்டது. இப்போது நாற்று தட்டுகளில் வளர்கிறது. பாய்போலச் சுருட்டி நடவு இயந்திரத்தில் வைக்கிறார்கள். ஏக்கருக்கு இத்தனை தட்டு என்று முன்கூட்டியே சொல்லி வாங்குவதால் யாருக்கும் போதாமல் போவதில்லை, யாரிடமும் மிஞ்சுவதுமில்லை. வரப்பில் வந்து நின்று ஒருவர் கேட்பதும், மற்றவர் கொடுப்பதும் ஊரில் இல்லை. எதிர்பார்த்து நிற்கவும் ஆளில்லை.

கடைசியாக ஒன்று. நாவலின் பஸ் அத்தியாயத்தில் நான் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் வேறோர் இடத்தில், கதாநாயகி நாற்று கேட்டுப் போகும்போது, "இல்லை, போ" என்று விரட்டுகிற மீசைக்காரப் பண்ணையார் ஒருவர் அரைப்பக்கம் வருகிறார். அது நான்தான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். மருமகளே ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் மீசை வைத்ததில்லை. நாற்று இல்லை என்று சொன்னதுமில்லை. அவர் என்னிடம் கேட்கவே இல்லை.